தோல் முந்திக்கொள்ளும்

எங்கள் ஓட்டக் குழுவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "நம் தாத்தா பாட்டியெல்லாம் செருப்பா போட்டார்கள்? வயல், வரப்பு, கல், முள் எல்லாவற்றிலும் வெறுங்காலில்தானே நடந்தார்கள். அவர்களுக்கு முட்டி வலி வந்ததா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் கப்பன் பூங்காவில் ஓடி முடித்துவிட்டு இளநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் தலையாட்டுவதில்லை. வந்தது. என் பாட்டிக்கு வந்தது. கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. இரவானால் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசிக்கொண்டு, பாய் கறைபடாமல் இருக்கப் பழைய சாக்கைக் காலுக்கடியில் விரித்துப் படுப்பார். வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்கிறதா என்று யாரும் அவரைக் கேட்டதும் இல்லை.

இத்தனைக்கும் நானும் வெறுங்காலில் ஓடுகிறவன்தான். பல வருடங்கள் தடித்த அடிப்பாகம் வைத்த ஷூவில் ஓடிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதை வெறுங்கால் ஓட்டத்துக்கு எதிரான வழக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பேச்சு ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்று எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

என்னை இதற்குள் இழுத்தது ஆராய்ச்சியோ அறிவுரையோ இல்லை, ஒரு சத்தம். சரியாகச் சொன்னால், ஒரு சத்தம் கேட்காமல் போனது. எங்கள் குழுவில் வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வருடக்கணக்காக வெறுங்காலில் ஓடுகிறவர். அவர் பின்னால் வருவது தெரியாது. பக்கத்தில் வந்த பிறகுதான் மூச்சு கேட்கும். என் ஷூவோ தார்ச் சாலையில் தொம் தொம் என்று விழும். மத்திய நூலகத்தின் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி வரும்போது, ஆள் இல்லாத விடிகாலையில் அந்தச் சத்தம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதே எடை, அதே வேகம், அதே சாலை. அவர் எப்படி ஓசையில்லாமல் போகிறார் என்று பார்க்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். காலை முன்னால் நீட்டி வைப்பதில்லை அவர். உடம்புக்கு நேர் கீழே, குறுகிய எட்டாக வைக்கிறார். பாதத்தின் முன்பகுதி முதலில் தொடுகிறது, குதிகால் அதன்பின் மெதுவாக இறங்குகிறது. ஷூ போட்ட என் குதிகால் முதலில் போய் இடிக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அப்படி இறங்கும்போது முதல் மோதலின் விசை குறைவாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதன் பிறகு ஊரெல்லாம் இதே பேச்சு. ஆனால் 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வடக்குக் கென்யாவில் காலமெல்லாம் வெறுங்காலோடு வாழும் தாசனச் மக்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடியபோது அவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். இயற்கை என்று ஒரே ஒரு நடை கிடையாது போலிருக்கிறது. அபெபே பிகிலாவையும் எல்லோரும் இழுப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்ற எத்தியோப்பியர். உண்மைதான். அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் வென்றார் என்பதை மட்டும் அவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

அம்மாவின் கேள்வி

அம்மா கோலார் தங்கவயலில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை மாரிக்குப்பம் ரயிலில் ஏறி அல்சூருக்கு என் வீட்டுக்கு வருவார். அப்படி வந்திருந்தபோது, விடிவதற்கு முன் நான் வெறுங்காலோடு கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டார். ஷூ எங்கே என்று கேட்டார். இல்லாமல்தான் ஓடப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெருவில் செருப்பில்லாமல் போவதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்றார். கோபம் என்று சொல்ல முடியாது. கணக்கில் எங்கோ பிழை வந்துவிட்டதே என்கிற குரல்.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தாத்தா வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து தங்கவயல் சுரங்கத்துக்கு வந்தவர். திருவிழாவுக்குச் சொந்த ஊர் போகும்போதெல்லாம், மேலத்தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம். கூடப் போன அப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். தாத்தா கழற்றச் சொல்லவில்லையாம். அவர் குனிந்ததைப் பார்த்து அப்பாவும் குனிந்தாராம். பிற்பாடு அப்பாவும் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் அவர் துடைத்துத் துடைத்து வைத்தது சுரங்க பூட்ஸைத்தான். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் அது வாசலருகே நெடுநாள் இருந்தது. இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்பு அணிந்து நடந்தார்கள் என்ற செய்தி வந்தது 2023 டிசம்பரில்.

அம்மாவிடம் உடல்நலம் பேசிப் பார்த்தேன். கையில் நல்ல சான்று இருப்பதாக எனக்கு நினைப்பு. கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், ஜோசஃப் என்ற இரு மருத்துவர்கள், 4 வயது முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பதிவெடுத்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. அணியாதவர்களில் 2.8 சதவீதம்தான். சின்ன வயதில் காலை மூடி வைத்தால் பாத வளைவு சரியாக உருவாவதில்லை என்று அவர்கள் கருதினார்கள். வெறுங்கால் ஓட்டம் பற்றி எழுதும் வெளிநாட்டுக்காரர்களும் இந்த ஆய்வைக் குறிப்பிடுவது வழக்கம். இதைச் சொல்லி முடித்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளைகளிடம் ஷூ வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஆய்வு பொய்யாகிவிடாது, அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'நம் முன்னோர் வெறுங்காலில் நடந்தார்கள்' என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது, அந்த முன்னோர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் காலையும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர் காலையும், மேலத்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கியவர் காலையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கும்பிட எனக்கு மனம் வரவில்லை. முதல் இருவருக்கும் வீட்டில் செருப்பு காத்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான், என் அலமாரியில் நல்ல விலையுள்ள ஷூக்களே இருக்கின்றன. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பூங்கா வாசல் வரை செருப்பு போட்டுக்கொண்டு போகிறேன், உள்ளே போய்க் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறேன். அல்சூர்த் தெருவில் நான்கு பேர் பார்க்கிற மாதிரி வெறுங்காலோடு போவதில்லை. அம்மாவுக்கு அது போதுமா என்றால், போதாது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை

குழுவில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார், மென்பொருள் வேலை. முன்னோர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் ஷூவைத் தூக்கி எறிந்தவர். எறிந்தது என்றால் நிஜமாகவே, வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்டார். முதலிரண்டு வாரம் கொப்புளமும் கீறலுமாக இருந்தது. அப்புறம் பாதம் காய்த்துப் போனது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டுவார். தொட்டுப் பாருங்கள் அண்ணா என்பார். தொட்டுப் பார்த்தோம், கெட்டியாகத்தான் இருந்தது. ஜல்லி மேல் நடந்து காட்டினார். பாதம் தயார் என்றானதும் பழைய தூரத்துக்கே போய்விட்டார். ஷூவில் ஓடிய அதே பத்துக் கிலோமீட்டர், அதே வேகம், வாரத்துக்கு அதே அளவு.

பிறகு ஒருநாள் பாதத்தின் மேற்பக்கம் மந்தமாக வலிக்கிறது என்றார். அடிப்பாதம் வலித்திருந்தால் அவரே ஓய்வெடுத்திருப்பார். மேற்பக்கம் என்பதால் சுளுக்கு என்று நினைத்து இன்னும் சில நாள் ஓடினார். வீக்கம் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தோடு எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் அவரை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். காலை மடியில் வாங்கி, ஒவ்வொரு விரலின் பின்னாலும் பாதத்துக்குள் ஓடுகிற எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். பெருவிரலின் எலும்பில் ஒன்றும் இல்லை. அடுத்த எலும்பின் நடுவில் கை வந்ததும் தம்பி "அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டார். எலும்பில் விழும் நுண்விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். வந்த முடிவும் அதைத்தான் சொன்னது.

அன்று எனக்கு மறக்காதது வேறொன்று. எழுந்து போவதற்கு முன் அவர் காலைத் திருப்பி அடிப்பாதத்தைப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை, பளபளப்பாக இருந்தது. நகத்தால் லேசாகத் தட்டினார். "இந்தத் தோல்தான் உங்களை ஏமாற்றியது" என்றார். தோல் சில வாரங்களில் காய்த்துவிடும், கெண்டைக்கால் தசை பழகச் சில மாதங்கள் ஆகும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் இன்னும் தாமதமாகும், எலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி. எலும்பு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறதாம். புதிய சுமை விழுந்தால் எலும்பு உடனே பலமாகிவிடுவதில்லை. பழைய சுவரை இடித்துவிட்டுத்தான் புதிய சுவர் எழுப்புவார்கள் இல்லையா, அதுபோலப் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் வேலை முதலில் நடக்கிறது, அதற்குச் சில வாரம். புதிதாகக் கட்டி முடிக்கப் பல மாதம். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாகவே இருக்கும். தோல் காய்த்து, தைரியம் வந்து, தூரத்தைக் கூட்டுகிற காலமும் சரியாக அதுதான்.

பிற்பாடு தேடிப் படித்தபோது, 2013இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பாதியைப் பத்து வாரத்தில் ஐவிரல் உறை போன்ற மெல்லிய காலணிக்கு மாறச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு, அதாவது எலும்பு சுமையால் திணறுவதன் அறிகுறி, கூடியிருந்தது. திடீரென்று குதித்தவர்கள் இல்லை இவர்கள். படிப்படியாகக் கூட்டச் சொல்லி அறிவுரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். பத்து வாரம் என்பது நம் ஊர் ஓட்டக்காரர்களுக்கு நீண்ட காலமாகத் தோன்றும். எலும்புக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தக் காலணியை விற்ற விப்ரம் நிறுவனம், கால் பலமாகும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கை 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து முடித்துக்கொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்.

பிசியோதெரபிஸ்ட் அந்தப் பாதத்தைத் தட்டியபோது எனக்குப் பாட்டியின் கால் நினைவுக்கு வந்தது. அதுவும் கெட்டியான கால்தான். சூடான பாறை மேல் நின்று விறகு கட்டுவார். அதைப் பார்த்து ஊரே அவருக்குப் பழகிவிட்டது என்றது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முட்டியும் இடுப்பும் தோலுக்கு உள்ளே இருந்தன, அவற்றை யாரும் பார்க்கவில்லை. காய்த்த தோலில் உணர்ச்சி மங்கிவிடும் என்பதுகூட உண்மையில்லை. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் காலணி அணிபவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை. பாட்டிக்கு எல்லாமே தெரிந்திருக்கும், ஒவ்வொரு முள்ளும்.

எலும்பின் அட்டவணை

அதன்பின் என் ஓட்டத்தைத் தோலை வைத்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். அடிப்பாதம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளைக் கவனிக்கிறேன். குதிகால் இழுத்தால் அன்று ஷூ. மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்தால் அன்றும் ஷூ. பிறகு உட்கார்ந்து, அவர் செய்ததுபோலவே பாதத்தின் ஐந்து எலும்புகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன். ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்றால் ஓட்டமே கிடையாது. ஆரம்பத்தில் ஓடவே இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க மொட்டை மாடியிலும் பூங்காவிலும் நடந்தேன். அப்புறம் வழக்கமான ஓட்டத்தை ஷூவில் முடித்துவிட்டு, கடைசிச் சிறு தொலைவை மட்டும் கழற்றிவிட்டு ஓடினேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கைபேசிச் செயலியில் என் வாரக் கணக்கு கேலிக்குரியதாக இருந்தது. பெங்களூரில் நாற்பது வயது ஆணுக்கு வலியைத் தாங்குவது எளிது, அந்தச் செயலியில் பின்னால் நிற்பதுதான் கடினம்.

புல்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. மூங்கில் புதர்ப் பக்கம் முள், பெஞ்சுகளைச் சுற்றி உடைந்த பாட்டில், மற்ற இடமெல்லாம் நாய்களின் உபயம். மேலும் மெத்தென்ற தரையில் குதிகாலை இடித்து ஓடினாலும் தண்டனை கிடைக்காது, பழைய நடை அப்படியே நீடிக்கும். வழவழப்பான தார்தான் நல்ல வாத்தியார். வண்டிகள் விடாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கப்பன் பூங்காவின் உள்சாலை அதற்கென்றே போட்டதுபோல இருக்கும். தப்பாக வைத்தால் அடுத்த எட்டிலேயே தெரிந்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தின் காய்கள் விழும் பருவத்தில் மட்டும் கவனம் தேவை. நசுங்கினால் வெல்லப்பாகாய் ஒட்டிக்கொண்டு, அடுத்து மிதிக்கும் மண்ணையெல்லாம் கூடவே கூட்டிவரும். நல்ல மழை பெய்த மறுநாள் நான் கழற்றுவதில்லை, ஊறிய தோல் எளிதில் கிழியும். சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் தாரில் கால் வைக்க முடியாது. ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி காலக்கெடுவைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். சர்க்கரையும் பரிசோதித்துக்கொண்டேன். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. முள் தைத்ததே தெரியாமல் புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போகும். முன்னோர் பேச்சு பேசுகிறவர்கள் இதை முதலில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓசை குறைந்துவிட்டது, அது உண்மை. பெரியவர் அளவுக்கு இல்லை. பூங்காவுக்குள் இரண்டு மூன்று சுற்று வெறுங்காலில் போகிறேன், வெளிச் சாலையில் நீண்ட ஓட்டம் என்றால் ஷூதான். 2008இலிருந்து இங்கே நடக்கும் பத்துக் கிலோமீட்டர் பந்தயத்துக்கு இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன், ஷூவோடு. குழுவில் தீவிரமானவர்கள் சிலர் இதை அரைகுறை என்கிறார்கள். இருக்கட்டும்.

தம்பிக்கு எலும்பு கூடிவிட்டது. புது ஷூ வாங்கி மெதுவாக ஓட ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் பக்கத்தில் வந்து, இந்த முறை ஒழுங்காக மாறப்போகிறேன் அண்ணா, எத்தனை வாரத்தில் முழுதாக மாறலாம், ஓர் அட்டவணை போட்டு அனுப்புங்கள் என்றார். முதலில் வீட்டுக்குள் செருப்பைக் கழற்று தம்பி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். சமையலறைக்குக்கூட ரப்பர் செருப்பில்லாமல் போகாத ஆள் அவர். குளிர் காலத்தில் தரை சில்லென்று இருக்குமே அண்ணா என்றார்.